அண்ணன் பெயர் இல்லாத பாட்டுகள்

மார்டள்ளியில் எளிய உழவர் வீட்டில் பிறந்து, மைசூரில் பள்ளித் தமிழாசிரியராக வாழ்ந்து, சர்வேசுரன் திருவடியில் இளைப்பாறச் சென்ற எங்கள் அண்ணனுக்கு இன்று ஓராண்டுப் பூசை. அவரைக் கவிஞர் என்று நீங்கள் எல்லாரும் சொல்கிறீர்கள். அவர் பெயரில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. நினைவு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று அண்ணி தயங்கினார். எழுதத்தான் போகிறேன்.

இளமையிலேயே தந்தையை இழந்த அண்ணன் மாதாகோயில் விடுதியில் தங்கிப் படித்தார். ஆசிரியரானபின் செய்யுளை முதலில் பாடிக் காட்டுவார். பொருள் சொல்வது அப்புறம்தான். சுதந்திரம் வந்தபின் பிள்ளைகள் கன்னடத்துக்குப் போனதால் தமிழ் வகுப்பில் ஆள் குறைந்தது. சரித்திரமும் எடுக்கச் சொன்னார்கள். முகம் சுளிக்காமல் எடுத்தார்.

மாலையில் தம் கவிதையை எழுத உட்காருவார். உடனே வாசலில் ஆள் நிற்கும். நம்மவர் வீடுகளில் கல்யாணம் என்றால் வாழ்த்து மடல், சாவு என்றால் மலரின் முதல் பக்கத்தில் இரங்கற்பா. எழுதுவது அண்ணன். கீழே அச்சாவது மாப்பிள்ளையின் மாமா பெயரோ, இறந்தவரின் மகன் பெயரோ.

"நாளைக்கு வரச் சொல்லுங்கண்ணா. உங்க புத்தகம் எப்பத்தான் வர்றது?" என்பேன்.

"அப்பனைப் பறிகொடுத்துட்டு நிக்கறான் கண்ணு. நாளைக்கு வான்னு எப்படிச் சொல்றது?"

புத்தகம் வரவில்லை, மஞ்சள் காமாலை வந்தது. அப்போதும் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மடல் கேட்டு வந்தார். அண்ணி அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்த்தார். அண்ணனோ படுக்கையிலிருந்தே மணப்பெண்ணின் பெயரைக் கேட்டார்.

இந்த மலருக்குப் பெரியப்பா மகன் ஓர் இரங்கற்பா அனுப்பினார். படித்ததும் பெரியப்பாவின் நினைவு மலரைத் தேடி எடுத்தேன். பெரியப்பா இறந்தபோது அண்ணன் எழுதிக் கொடுத்த அதே பாட்டு! 'தந்தையே' என்ற இடங்களில் எல்லாம் 'தம்பியே' என்று மாற்றியிருந்தார். மாற்றியும் ஓசை கெடவில்லை. அண்ணனின் கட்டுமானம் அப்படி. நேரில் போய்க் கேட்டேன்.

"அது நான் எழுதினதும்மா! பழைய மலர்ல எம் பேருதானே போட்டிருக்கு, நீயே பாரு."

அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்புகிறார். அவரிடம் என்ன சண்டை போடுவது?

அந்தப் பாட்டைத்தான் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன், அண்ணன் பெயரோடு. தம் சாவுக்குத் தாமே பாடியதுபோல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும்.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கல்லறை வரை தோள் கொடுத்த மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. பாட்டு வாங்கிப் போன உங்களுக்கும் நன்றி. அண்ணனின் புத்தகம் உங்கள் வீட்டுப் பெட்டிகளில்தான் கிடக்கிறது. கீழே உள்ள உங்கள் பெயரை அடித்துவிட்டு, அனுப்பி வையுங்கள்.