வெளியே போகச் சொல்வது சித்தியின் வேலை

என் சித்தி பாதுகாப்பு அமைச்சகத்தில் ஓர் ஆலோசனைக் குழுவின் செயலாளர். ராணுவத்துக்கு வாங்கும் கூடாரம், போர்வை போன்ற பெரிய பொருட்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் குழு அது. ஓய்வுபெற்ற அதிகாரிகள், பேராசிரியர்கள், தொழிலதிபர்கள் எல்லாம் நீள மேசையைச் சுற்றி உட்காருவார்கள். தொடங்கும்போது சித்தி ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இன்னைக்குப் பேசப்போற பொருள்ல யாருக்காவது சொந்த லாபம் இருக்கா?" இருந்தால் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வதுபோல எல்லோரும் "இல்லை" என்பார்கள். அதற்குள் பிஸ்கட் தட்டு பாதி காலியாகியிருக்கும்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து அவள் வீட்டில்தான் பெட்டியை இறக்கியிருந்தேன். "இதுவரைக்கும் எத்தனை பேரை வெளிய அனுப்பியிருக்க சித்தி?" என்று கேட்டேன்.

"அஞ்சாறு பேர். அதுக்கப்புறம் ஒருத்தரும் எனக்கு வணக்கம் சொன்னதில்ல."

குழுவில் கூடாரம் தயாரிக்கும் முதலாளி ஒருவர் இருந்தார். சம்பளம் வாங்காத ஆலோசகர். சித்தியின் முழங்கால் வலிக்கு நல்ல டாக்டரைக்கூடச் சொன்னவர். நாட்டுக்காகச் சும்மா உழைக்கிறார் என்று சித்தப்பா உருகுவார்.

"சும்மா குடுக்கிற கடைக்காரன் தராசைத்தான் ரெண்டு தடவ பாக்கணும்" என்பாள் சித்தி.

ராணுவக் கூடாரங்களுக்கு ஒரு குறிப்பிட்ட துணிதான் வேண்டும் என்று அவர் சொல்லிவந்தார். அதை நெய்வது அவருடைய ஆலை ஒன்றுதான். போன கூட்டத்தில் சித்தி விதியை நினைவுபடுத்தியதும் சிரித்தார். "நான் வெளிய போயிட்டா துணியைப் பத்தித் தெரிஞ்சவங்க உள்ள யாரும்மா இருக்காங்க?" தலைவரும், "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று மழுப்பிவிட்டார்.

அந்த அடுத்த தடவைக்கு முந்தின வாரம் சித்தியின் மகன், எனக்குத் தம்பி, வீட்டுக்குள் குதித்துக்கொண்டு வந்தான். ஜவுளிப் பொறியியல் படித்துவிட்டு ஒரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தவன்.

"அம்மா, வேலை கிடைச்சிருச்சு!"

"எங்கடா?"

அவன் சொன்னது அந்தக் கூடாரக் கம்பெனியின் பெயர். சித்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானேதான்மா மனுப் போட்டேன். உன் பேரையே எடுக்கல."

"நீ எடுக்கலன்னா அவங்களுக்குத் தெரியாதா?"

"இந்த ஒரு கூட்டத்துல வாயை மூடிக்கிட்டு இரு" என்றார் சித்தப்பா. "பையன் வாழ்க்கை."

சித்தி மறுபடி கரண்டியை எடுத்தாள். அன்று மாலை முழுக்கப் பாத்திரங்கள்தான் பேசின.

கூட்டத்தன்று நடந்ததை அவளே எங்களுக்கு நடித்துக் காட்டினாள். உள்ளே நுழையும்போதே முதலாளி, "பையன் கெட்டிக்காரன்மா, திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்றாராம். சித்தி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். எல்லோரும் இல்லை என்றார்கள். அவரும் இல்லை என்றார்.

"எனக்கு இருக்கு" என்றாள் சித்தி. "என் பையனுக்கு இவர் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. அதனால நான் வெளிய போறேன்."

தலைவர் பதறினார். "விதி உறுப்பினர்களுக்குத்தானேம்மா? நீங்க குறிப்பெடுக்கிறவங்க."

"மகன் அங்க வேலைக்குப் போறதுக்கே நான் இங்க உக்காரக் கூடாதுன்னு எனக்குத் தோணுது சார். கம்பெனிக்கே சொந்தக்காரருக்கு என்ன தோணுதோ, எனக்குத் தெரியாது."

பேனாவை உதவியாளரிடம் கொடுத்தாள். போய்க் கதவைத் திறந்தாள். திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். தலைவர் ஒருமுறை இருமினார். முதலாளி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நடைவழியில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. இரண்டு பேரும் அதில்தான் உட்கார வேண்டியிருந்தது.

"பையன் வேலை போயிடுமேன்னு பயமில்லையா?" என்று அவர் கேட்டார்.

"போனா போகட்டும் சார். அவன் திறமைக்குக் குடுத்தீங்களா, அவன் அம்மாவுக்குக் குடுத்தீங்களான்னு தெரிஞ்சிரும்."

அதற்குப் பிறகு அவர் முழங்கால் பற்றி விசாரிக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது சித்தி அடக்க முடியாமல் சிரித்தாள்.

துணியின் பெயரே வேண்டாம், கூடாரம் எவ்வளவு மழையும் காற்றும் தாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், தாங்கும் துணியை யார் நெய்தாலும் சரி என்று உள்ளே முடிவானது.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. 'தற்சமயம் பணியிடம் காலி இல்லை.'

"உனக்கு உன் கூட்டம்தான் பெருசு" என்று தம்பி கத்தினான்.

"எனக்கும் வருத்தம்தான்டா. ஆனா இதுல சேர்ந்திருந்தா ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னாடி உன்னை நலம் விசாரிச்சிருப்பாங்க. எங்கிட்ட."

அவன் கதவை அறைந்துவிட்டுப் போனான். பசித்தபோது வந்து சாப்பிட்டான். பேச்சு மட்டும் இல்லை. சித்தியும் போய்க் கெஞ்சவில்லை. வழக்கம்போல ஆபீஸ் போனாள், வந்தாள்.

அந்த மௌனம் அடுத்த வாரம் உடைந்தது. இன்னொரு கம்பெனி அவனை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அம்மா, இவங்க ராணுவத்துக்கு ஜிப்பு விக்கிறாங்களாம்" என்றான்.

சித்தி கொஞ்சம் யோசித்தாள்.

"ஜிப்பு எங்க குழுவுக்கு வராது. தைரியமாப் போயிட்டு வா."