கச்சான் சரையில் வந்த அரசன்

சுடச்சுட வறுத்த கச்சான் கடலை, உப்புப் படிந்த விரல்... கூம்பாகச் சுருட்டிய அந்தக் கடதாசிச் சரையைப் பிரித்தால், உள்ளே ஆங்கிலத்தில் ஒரு பறவை அரசியோடு பேசிக்கொண்டிருந்தது!

தொண்ணூறுகளின் முற்பகுதி, போர்க்காலம். கிளிநொச்சியில் எழுதுவினைஞராக இருந்தேன். வேலை முடிந்து வரும்போது பரந்தன் பஸ் தரிப்பிடத்தில் சைக்கிளை நிறுத்திக் கச்சான் வாங்குவேன். விற்றவர் நாயாற்றைச் சேர்ந்த றோசம்மா. கடலுக்குப் போன அவருடைய கணவரைப் பற்றி நான்கு மாதமாக ஒரு தகவலும் இல்லை; கச்சான் விற்றுத்தான் பிள்ளைகளுக்குச் சோறு.

மிச்சக் கதை எங்கே என்று கேட்க எனக்கு இரண்டு நாள் தயக்கம். கேட்டதும் அட்டையில்லாத தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். பின்பக்கத்திலிருந்து கிழித்து வந்திருக்கிறார். முடிவு முழுவதும் கச்சானோடு போய்விட்டது.

என் பழைய பரீட்சைக் குறிப்புகளை நிறுத்துக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கினேன். கதையைத் தனக்கும் சொல்ல வேண்டும் என்றார்.

நாலு பேர் முன் வாய் திறந்தறியாதவன் நான். பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் அகராதி பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டே போவேன். ஆனால் தொடங்கிவிட்டால்... நின்றவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அடுத்த பஸ் எப்போது என்று தெரியாத அந்த நாளில்!

மிஞ்சியிருந்த கடைசித் தாளில், நாட்டைக் காக்கப் போன அரசனின் கப்பல் மூழ்கியது. அரசி கரையில் நின்றாள்.

றோசம்மா சரை சுற்றுவதை நிறுத்தினார்.

"ஐயா, அவன் வருவானோ?"

"தெரியாது தங்கச்சி. அந்தப் பக்கம் கச்சானோட ஆரின்ரையோ வயித்துக்குள்ள."

சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் முதல், பழைய சரை கொண்டுவந்தால் ஒரு பிடி கச்சான் என்று அறிவித்துவிட்டார். கடதாசி கிடைக்காத காலம்; யாரும் சரையை எறிந்திருக்கவில்லை. கொண்டக்டர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஓர் ஆசிரியை கொப்பிக்குப் போட்ட உறையையே கழற்றித் தந்தார். பக்க எண் பார்த்து அடுக்கினேன். பதினொரு தாளிலும் அரசன் இல்லை. பன்னிரண்டாவதில்... அவன் பெயர்! ஒரு மீனவக் குடிசையில் கண் விழித்துத் தண்ணீர் கேட்கிறான்.

"திரும்ப வாசியுங்கோ" என்றார்.

மூன்று தரம் வாசித்தேன். "அப்ப ராசா தப்பீற்றார்" என்று யாரோ ஒருவர் எல்லோருக்கும் கச்சான் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு இடம்பெயர்வுகள் எங்களைத் திசைக்கொன்றாக்கின.

இப்போது எந்தக் கதையும் கைத்தொலைபேசியில் முழுதாக வருகிறது. போன கிழமை அந்த அரசனின் பெயரை அடித்துப் பார்த்தேன். முழுப் புத்தகம்! சாப்பாட்டையும் மறந்து வாசித்தேன். தண்ணீர் கேட்ட இடத்திலிருந்து மூன்று பக்கம் தள்ளி அவன் இறந்துவிடுகிறான்.

சொல்வதா விடுவதா என்று நாலு நாள் யோசித்து, தெரிந்தவர்களிடம் இலக்கம் வாங்கி, முல்லைத்தீவில் இருக்கும் றோசம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவருடைய கணவர் கடைசிவரை வரவேயில்லை.

அரசன் இறந்ததைச் சொன்னேன். அவர் சொன்னார்:

"நல்லகாலம் ஐயா, அந்த மூண்டு பக்கத்தையும் அண்டைக்கு ஒருத்தரும் கொண்டு வரேல்லை. பிள்ளையள் அப்ப சின்னன்."