தோரணத்தில் ஒட்டிய எள்ளளவு கல்

தேவானை பெருக்கினால் தரைக்கே தெரியாது என்பார்கள். அடையாறு பக்கம் இருந்த அந்த இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவாள். வாளியைக் குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்குவாள்.

இந்தப் பதவிசு பிறவியிலேயே வந்ததல்ல. வந்த புதிதில் வாளியை 'டங்'கென்று வைத்தவள்தான். அங்கே இருந்த மைக்ராஸ்கோப்போ ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. அதில் கண்ணை வைத்துப் பார்க்க முடியாது. ஓர் ஊசிமுனை, பொருளைத் தொட்டும் தொடாமலும் மேலே போய்ப் போய் வரும். ஒவ்வொரு வரியாகக் கம்ப்யூட்டரில் படம் வளரும், அணுக்கள்கூடத் தெரியும். பக்கத்தில் யாராவது தொம்மென்று நடந்தால் போச்சு. ஆராய்ச்சி மாணவி ஹம்சா, திரையில் ஒரு கோணல் கோட்டைக் காட்டி, "இதான் உங்க வாளி" என்றாள். தேவானைக்கு மானம் போனது. அன்றிலிருந்து பூனை நடைதான்.

தொண்ணூற்று நாலில் அவளை நிரந்தரமாக்கப் பேச்சு வந்தது. பேராசிரியர் ராஜகோபாலன் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டும். "பூஜை முடியட்டும், எழுதறேன்" என்றிருந்தார்.

அந்த ஆயுத பூஜையில்தான் வினையே வந்தது.

கடுங்குளிரில் மின்சாரத்தைத் துளித் தடையும் இல்லாமல் ஓடவிடும் பொருள்களைப் பற்றித்தான் ஹம்சாவின் ஆராய்ச்சி. அதற்கென்று வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது ஒரே ஒரு கறுப்புக் கல், எள்ளளவு. அப்பளக் கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். சின்ன மேடையில் ஒட்டி, மேலே செலோ டேப்பை அழுத்தி இழுத்தால் மேலடுக்கு மட்டும் உரிந்து வரும். கீழே புத்தம்புது முகம். பூஜைக்கு முந்தின நாள், ஆத்துல கொலு என்ற அவசரத்தில், ஒட்டிய பசை காய்வதற்குள் இழுத்துவிட்டாள் ஹம்சா. கல் முழுசாக டேப்போடு வந்துவிட்டது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று டேப்பை மேஜை ஓரத்தில் தொங்கவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை காலை குளிரூட்டும் ஹீலியம் வந்து இறங்கியது. மூன்று நாளில் ஆவியாகிவிடும். அடுத்தது வர மூன்று மாசம். ஹம்சாவோ மேஜைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, இன்னாத்தத் தேடிக்கினு கீறே?"

"இங்க ஒரு டேப்பு ஒட்டிண்டு இருந்துதே தேவானைம்மா, பாத்தீங்களா?"

தேவானை வாசல் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். பூஜைக்காக அறையைத் துடைத்து, கலர் காகிதத் தோரணம் கட்டும்போது கடைசி முனைக்கு டேப்பு தீர்ந்துபோயிருந்தது. மேஜை ஓரத்தில் ஒரு துண்டு, நல்ல பசையோடு. அதை யாராவது வீணாக்குவார்களா? ஏதோ கறுப்பாக அழுக்கு ஒட்டியிருந்ததுதான், இருக்கட்டுமே என்று ஒட்டிவிட்டாள்.

தோரணம் வாசல்மேல் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் இல்லாத நேரம் பிய்த்து, மேஜைக்கடியில் கிடந்தது என்று நீட்டியிருக்கலாம். நானாயிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பேராசிரியர் வேறு அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். ஆனால் அந்தப் பெண் கண்கலங்கி நின்றதைத் தேவானையால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சார் எட்த்தேன். தோ, தோரணத்துல கீது."

"யாரைக் கேட்டு எடுத்தே?" பேராசிரியரின் முகம் சிவந்தது.

"பசை காயறதுக்குள்ள இழுத்தது நான், சார்" என்றபடி ஹம்சா ஸ்டூலில் ஏறிவிட்டாள்.

"சாம்பிராணிப் புகை, என் கை அழுக்கு, அல்லாம் பட்டிருக்குமே பாப்பா! கெட்டுப் பூட்டுச்சா?"

"பட்டா பட்டுட்டுப் போறது. உள்ள இருக்கற அடுக்கை யாரும் தொடலையே!"

கல்லின் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்து மேடையில் ஒட்டினாள். இந்தத் தடவை பசை நன்றாகக் காயும்வரை காத்திருந்து, டேப்பை உரித்தாள். கல்லின் புது முகம் கண்ணாடிபோலப் பளபளத்தது. பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்த மௌனம்தான் தேவானையைக் கொன்றது. ஒன்பது வருஷம் ஒரு துண்டு டேப்பில் போச்சே என்று இரவெல்லாம் புரண்டாள்.

மறுநாள் பகல், மைக்ராஸ்கோப் ஓடத் தொடங்கியதும், வாளியோடு வராந்தாவில் நின்று போவோர் வருவோரை அடக்கினாள். டீ கொண்டுவந்த ஷரீஃபை, "செருப்பக் கயட்டுய்யா!" என்று விரட்டினாள். கதவு திறந்தது. பேராசிரியர்.

"படம் ஜோரா வரது" என்றார்.

"சார், என் லெட்டரு..." வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "இனிமே எழுதமாட்டீங்கதானே?"

"எழுதறதா? அதை நேத்து காலம்பற வந்ததும் ஆபீசுக்கு அனுப்பிச்சாச்சே. நீ டேப்பு விஷயம் சொன்னியே, அதுக்கு முன்னாடியே."

"திருப்பி வாங்கலயா சார்?"

"எதுக்கு? தப்பைத் தானா ஒத்துண்டவளை விட்டுட்டு வேற யாரை வெச்சுக்கறது?"

போன உயிர் திரும்பி வந்தது. "நேத்தே சொல்லக்கூடாதா சார்! ஒரு நாளு பூரா செத்துப் பூட்டனே!" என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

இரண்டு கையையும்தான். வாளி 'டங்'கென்று விழுந்தது.

தேவானை நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். திரையில் அணுக்கள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தன. நடுவே பளிச்சென்று ஒரு கோணல் கோடு.

"இதான் உங்க வாளி" என்றாள் ஹம்சா, சிரிப்பை அடக்க மாட்டாமல்.

இந்தத் தடவை தேவானையும் சிரித்தாள். அடுத்த வரியிலிருந்து படம் நேராகவே வந்தது.