இக்காவின் தோணிக்கு நான் வைத்த ஏரியல்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில், தோணிக்கு ஏரியல் வேண்டும் என்று என்னிடம் வந்தவர் ஒரே ஒருவர்தான். 1964, மழை ஓய்ந்து தோணிகள் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்த சமயம். அவர் ஒரு மாப்பிள்ளை முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். சொந்தமாக ஒரு சின்னப் பாய்த்தோணி. மூன்று ஆட்களோடு இங்கிருந்து கயிறும் கொப்பரையும் ஏற்றிக்கொண்டு பொன்னானி, கோழிக்கோடு என்று போவார். திரும்பும்போது கூரை ஓடு வரும்.

எல்லாரையும் போல நானும் அவரை இக்கா, அண்ணன், என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைச் சாமி என்பார். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிறோம். தமிழ் பேசுகிற பிராமணன் என்றால் ஊரில் எல்லாருக்கும் சாமிதான். இக்கா இளவயதில் தூத்துக்குடித் தோணிகளில் வேலை செய்தவர் ஆகையால் என்னோடு தமிழில்தான் பேசுவார்.

கப்பலில் வேலை செய்த ஒருவனிடம் வாங்கிய ஜப்பான் ட்ரான்சிஸ்டரைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

“சாமி, எனக்குப் பாட்டு வேண்டா. காற்று வருமா, வராதா, அது மட்டும் கேட்டாப் போதும். கரையில நல்லாக் கேக்குது. கடல்ல ரெண்டு மணிக்கூர் போனா வெறும் இரைச்சல்.”

முந்தின வருஷம் அவருடைய தம்பி வேறொரு தோணியில் போய், பொன்னானிக்கு இந்தப் பக்கம் புயல்காற்றில் மாட்டித் திரும்பி வரவே இல்லை. அன்று காலையே ரேடியோவில் எச்சரிக்கை சொல்லியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்ததாம். இதைச் சொல்லும்போது இக்காவின் குரல் மாறவில்லை. செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை நான் ஏரியல் கட்டியதெல்லாம் வீட்டு மாடிகளில்தான். இரண்டு கம்பம், நடுவே செம்புக் கம்பி, இரண்டு முனையிலும் பீங்கான் குமிழ். தோணியிலும் அதையே செய்தேன். பாய்மரத்தின் உச்சியிலிருந்து சுக்கான் பக்கம் வரை கம்பியை இழுத்துக் கட்டினேன். இக்கா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காயல் கடலோடு சேரும் அழிமுகத்தில் தோணியைத் திருப்பியபோது, பாயைத் தாங்குகிற சாய்ந்த கழி பாய்மரத்தைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தது. வந்த வேகத்தில் என் கம்பியை அறுத்துக் கடலில் போட்டது.

“இப்படி ஆகும்னு தெரியுமா இக்கா?”

“தெரியும். சாமிக்கும் தெரியட்டும்னுதான்.”

ஆட்கள் மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்து, மோட்டார் காரில் வைக்கிற இழுத்து நீட்டும் குழாய். அது ஒரு மாதத்தில் உப்பில் இறுகி, இழுத்தால் நீளவில்லை, அழுத்தினால் குறுகவில்லை. உயரமும் போதாது. கடைசியில் மூங்கிலுக்கு வந்தேன். சுக்கானுக்குப் பக்கத்தில் பாய்க்கழி எட்டாத இடமாகப் பார்த்து, நல்ல முற்றிய மூங்கில் ஒன்றைப் பித்தளைப் பட்டை போட்டு நிறுத்தினேன். அதன் மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றாமல் நேராக ஏற்றினேன். தோணியிலேயே கரியடுப்பு வைத்து இரும்பைக் காய்ச்சி ஈயம் வைத்தேன். இணைப்புகளின் மேல் மெழுகு உருக்கி ஊற்றினேன். எர்த்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, தண்ணீர் இறங்கிய வற்றத்தில் தோணி சேற்றில் சாய்ந்து கிடந்த ஒரு காலையில், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு செம்புத் தகட்டை ஆணி வைத்து அறைந்தேன்.

அந்த ட்ரான்சிஸ்டருக்கு எட்டடி உயரம் போதும். நான் பதினாறு அடி வைத்தேன். உச்சியில் இரண்டு பித்தளைக் கம்பிகளைக் குறுக்கே வைத்துப் பற்றவைத்தேன். அதனால் கொஞ்சம் பலன் உண்டு என்று புத்தகத்தில் இருந்தது. ஆனால் நான் அதற்காக வைக்கவில்லை. புத்தகத்தில் கப்பல் ஏரியல் ஒன்றின் படம் பார்த்திருந்தேன். அதைப் போல ஒன்று என் கையால் செய்ததாகக் கொச்சிக் காயலில் நிற்க வேண்டும் என்று ஆசை. ஜெட்டியில் நின்று பார்த்தால் மற்றத் தோணிகளுக்கு நடுவே அது தனியாகத் தெரிந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் கைநீட்டிக் காட்டுவேன்.

ரேடியோ நன்றாகவே எடுத்தது. அந்த வருஷம் ஒரு தடவை எச்சரிக்கை கேட்டுப் பொன்னானியிலேயே இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார் இக்கா. அந்த இரண்டு நாளில் வடக்கே ஒரு தோணி உடைந்தது. வந்ததும் வராததுமாகக் கடைக்கு வந்து ஒரு சிப்பம் கோழிக்கோட்டு அல்வாவை மேஜையில் வைத்தார்.

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீஸில் லைசன்ஸ் எடுக்க வேண்டும். ஃபாரம் இங்கிலீஷில் இருக்கும். “நான் பூர்த்தி பண்ணிக் கொடுத்துடறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கோ” என்று நானாகவே சொன்னேன். அவர் போட்டுக் கொடுத்தார். நான் அதை மேஜை டிராயரில் வைத்தேன். நாளைக்கு என்று இருந்துவிட்டேன். பிறகு மறந்தேன். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சாமி செய்திருப்பார் என்று இருந்திருப்பார்.

அடுத்த வருஷம் ஓணம் சமயத்தில் பாகிஸ்தானோடு போர் வந்தது. ஜன்னல் கண்ணாடியில் எல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். கடற்படைத் தளம் இருக்கிற ஊர் என்பதால் எங்கே பார்த்தாலும் ஒற்றன் என்ற பேச்சு. இக்காவின் தோணி மழைக்காலம் முழுவதும் ஜெட்டியை ஒட்டிக் கட்டிக் கிடந்தது. அதன் மேல் என் மூங்கில் நின்றுகொண்டிருந்தது. யார் போலீசில் போய்ச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இக்காவின் மூத்த அண்ணன் ஒருவர் நாடு பிரிவதற்கு முன்பே கராச்சிக்குப் போய்ச் சாயாக்கடை போட்டவர். அவர் எழுதிய கடிதங்கள் வீட்டில் இருந்தன. போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு காலையில் கான்ஸ்டபிள் கடைக்கு வந்து, “இன்ஸ்பெக்டர் கொஞ்சம் வரச் சொன்னார் சாமி” என்றான்.

ஸ்டேஷனில் எனக்கு நாற்காலி போட்டார்கள். மேஜையில் ட்ரான்சிஸ்டரும், சுருட்டிய கம்பியும், அறுத்தெடுத்த பித்தளைக் குறுக்குக் கம்பிகளும் இருந்தன. மூங்கிலை இரண்டாக வெட்டி மூலையில் சாத்தியிருந்தார்கள். அதன் பக்கத்தில், சுவரோரமாகத் தரையில் இக்கா உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. கீழுதடு வீங்கியிருந்தது.

“இது சாமி வெச்சதா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஆமாம் சார்.”

“இத வெச்சுக்கிட்டு இங்கேயிருந்து அங்கே பேச முடியுமா?”

“முடியாது சார். இது கேக்கறதுக்கு மட்டும்தான். பேசறதுக்கு வேற மெஷின் வேணும்.”

“கேக்கறதுக்கு இவ்வளவு உயரமா? இந்தக் குருசு எதுக்கு? தண்ணிக்கு அடியில ஒளிச்சு வெச்ச தகடு எதுக்கு?”

ஒவ்வொன்றாக விளக்கினேன். நான் விளக்க விளக்க, எனக்கே அது சந்தேகப்பட வேண்டிய சாமானாகத் தோன்றியது. இத்தனையும் தேவையே இல்லை, எனக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று வைத்தேன் என்பதுதான் உண்மை. அது வாயில் வரவில்லை.

“நல்ல உயரமா வேணும்னு அவர் கேட்டார் சார்” என்றேன்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். “லைசன்ஸ் இல்லையே?”

எனக்கு அப்போது முப்பது வயது. வீட்டில் இரண்டு குழந்தைகள். கடையில் பாதி பிரித்த செட்டுகள் இருபதுக்குக் குறையாமல் இருக்கும். அவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், என்னையும் அந்தச் சுவரோரம் உட்கார வைப்பார்கள் என்று மட்டுமே நினைத்தேன்.

“எடுக்கச் சொல்லியிருந்தேன். எடுத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது.”

இக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் மறுபடி தலையைத் தாழ்த்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எழுதியதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நேராகக் கடைக்குப் போய் டிராயரிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்தேன். அவருடைய கையெழுத்து, என்னுடைய எழுத்து. அதை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் ஏதாவது மாறியிருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன்.

“என்னன்னா எரிக்கறேள்?” என்றாள் என் மனைவி.

“பழைய பில்லு.”

நாலைந்து நாள் கழித்து இக்காவின் மனைவி கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“சாமி படிச்ச ஆளு. கலெக்டருக்கு ஒரு கடுதாசி எழுதித் தரணும். கேக்கறதுக்கு மட்டும்தான் அந்தக் கம்பின்னு சாமி எழுதினா நம்புவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“நாளைக்கு வாங்கோ” என்றேன். மறுநாள் வந்தாள். இன்னொரு நாளைக்கு வரச் சொன்னேன். அந்த நாள் வருவதற்குள் கடையைப் பூட்டிவிட்டு, கொச்சியில் குண்டு விழும் என்று பயமாக இருக்கிறது என்று சொல்லி, குடும்பத்தோடு பாலக்காட்டில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டேன்.

போர் மூன்று வாரத்தில் நின்றது. நானும் திரும்பி வந்து கடையைத் திறந்தேன். இக்காவை அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. போட ஒன்றும் இல்லை. அதற்குள் தோணி போய்விட்டது. போலீஸ் காவல் இருந்ததால் தண்ணீர் இறைக்கக்கூட யாரையும் ஏறவிடவில்லை. மழைத் தண்ணீர் மட்டும் என்றால் தாங்கியிருக்கும். கீழே பலகையே விட்டுவிட்டது. ஜெட்டியிலேயே, கட்டிய கயிற்றோடு அமிழ்ந்தது. பலகை விட்ட இடம் நான் செம்புத் தகடு அறைந்த இடத்துக்குப் பக்கம் என்று, முங்கிப் பார்த்தவன் சொன்னான். உப்புத் தண்ணீரில் செம்பு பக்கத்தில் இருந்தால் இரும்பு ஆணி சீக்கிரம் கரைந்துவிடும் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆட்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். ஒருவன் இடக்கொச்சியில் இறால் உரிக்கிற இடத்தில் சேர்ந்தான். மறுபடி கடலுக்குப் போக இக்காவுக்குத் துறைமுகத்தில் பாஸ் கொடுக்கவில்லை. பஜாரிலேயே ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். தினமும் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். மூட்டை இல்லாத சமயமானால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். நான் ஏதாவது ஒரு செட்டின் மேல் குனிந்திருப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பகல்வேளையில் கடைக்குள் வந்தார். கையில் அதே ட்ரான்சிஸ்டர். அன்றைக்குத்தான் திருப்பிக் கொடுத்தார்களாம்.

“பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டு கேக்கணுமாம். சரியாகுமா பாருங்க சாமி.”

திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த பேட்டரி கசிந்து எல்லாவற்றையும் தின்றிருந்தது. கம்பிச்சுருள் பச்சை பிடித்துக் கிடந்தது. தொட்டதும் கம்பி பொடியாக உதிர்ந்தது. சரியாகாது என்று சொல்ல நினைத்த வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

“இக்கா, அன்னிக்கு அந்த ஃபாரம் என் டிராயர்லதான் இருந்தது. நான் கொடுக்கவே இல்லை.”

“தெரியும். குடுத்திருந்தா தபால் ஆபீஸ்ல இருந்து லைசன்ஸ் புஸ்தகம் வந்திருக்குமே.”

“அப்போ ஏன் ஒண்ணும் சொல்லல்லை?”

“சொன்னா உங்களையும் உள்ளே வெச்சிருப்பாங்க. எங்க ஆட்கள்ல யாருக்கும் இங்கிலீஷ் எழுதத் தெரியாது சாமி. நீங்க ஒருத்தர் வெளியில இருந்தா வக்கீலைப் பாப்பீங்க, எழுதிப் போடுவீங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு இருந்தேன்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். பிறகு, “அப்போ இது சரியாகாது, இல்லையா?” என்றார். ஆகாது என்று தலையசைத்தேன். செட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே உட்கார்ந்து துறைமுக அதிகாரிக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். ஏரியல் என் யோசனை, உயரம் என் ஆசை, ஃபாரம் என்னிடம் இருந்தது, ஸ்டேஷனில் நான் பொய் சொன்னேன், பிறகு அதை எரித்தேன் என்று ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை ஸ்டேஷனுக்கும் அனுப்பினேன். பிறகு ஒவ்வொரு நாளும் போலீஸ் வரும் என்று காத்திருந்தேன். மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, “அந்தப் பொம்மனாட்டி ரெண்டு தடவை வந்தாளே” என்று மட்டும் சொன்னாள்.

யாரும் வரவில்லை. என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. எதற்குப் பயந்து அன்றைக்கு அப்படிச் செய்தேனோ, அதில் துளியும் எனக்கு நடக்கவில்லை. நாலு மாதம் கழித்து இக்காவுக்குப் பாஸ் வந்தது.

தபால்காரன் அதைக் கிடங்கில் கொண்டுபோய்க் கொடுத்தான். படித்துச் சொல்லும்படி இக்கா என்னிடம் எடுத்து வந்தார். தலையிலும் தோளிலும் மிளகுத் தூசி. நான் படித்தேன். இனி அவர் கடலுக்குப் போகலாம் என்று இருந்தது.

“எதுல போறது சாமி?” என்றார்.

வேறு யாருடைய தோணியிலாவது ஆளாகப் போகலாமே என்று சொல்ல நினைத்தேன். மூட்டை தூக்கி அவருடைய இடது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. அந்தக் கையால் அவர் இனிப் பாய்க்கயிறு இழுக்க முடியாது என்பது எனக்கே தெரிந்தது. காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கிடங்கிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “வர்றேன்” என்று குரல் கொடுத்துவிட்டு, அவசரமாக ரோட்டைத் தாண்டிப் போனார்.