நாலில் அடங்காத வரி

கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. ஆனால் 'நெருக்கடி கடை' என்றால்தான் தெருவில் வழி சொல்வார்கள். நகல் எடுப்பதும் தட்டச்சு செய்து அச்சடித்துத் தருவதுமாக ஓடிய சின்னக் கடை அது. ஒரு தாளில் ஒரே ஒரு பிரதி அடிப்பதென்றால் அந்தக் கடைக்காரனுக்கு வயிறு எரியும். வீடு வாடகைக்கு என்று ஒரு துண்டு நோட்டீஸ் கேட்டு வந்தால், அதைச் சுருக்கி ஒரே தாளில் நாலு பிரதியாக அடக்கி, வெட்டும் இயந்திரத்தில் வைத்து ஓர் அமுக்கு அமுக்குவான். "கொஞ்சம் அசந்தா நம்மளையும் நாலா மடிச்சு ஓரமா வச்சிருவான்" என்று வந்தவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அந்தப் பட்டப்பெயரில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அப்பா இறந்த வாரம், நினைவுக் கூட்டத்துக்கான அழைப்பை அவனே தட்டச்சு செய்ய உட்கார்ந்தான். வெளியே கொடுத்தால் தன் கடைக்கே கேவலம் என்று நினைத்தான்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து பல வருடம் படுக்கையில் கிடந்தவர். அவரைப் பார்த்துக்கொண்டது அண்ணி. அண்ணன் ஒரு விபத்தில் போன பிறகும் அவள் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. பிள்ளை குட்டி இல்லை. முதுகு புண்ணாகாமல் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள், முகம் மழித்து விடுவாள், கஞ்சி ஊட்டுவாள். அவள் அதட்டினால்தான் மாத்திரை உள்ளே இறங்கும். பெற்ற மகன் கட்டிலருகில் வந்து நின்றால், "கடைக்கு நேரமாச்சு, நீ போ தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்பாள். அவனும் போய்விடுவான்.

அழைப்பில் அப்பாவின் படம், தேதி, இடம், அதற்குக் கீழே குடும்பத்தார் பெயர்கள். நாலாகப் பிரித்தபோது கடைசி வரி மட்டும் கட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தான். ஓரத்தைக் குறைத்துப் பார்த்தான். படத்தையும் சுருக்கினான். அப்படியும் ஒரு வரி அடம்பிடித்தது.

யாரை எடுப்பது? மகன் வரியில் அவனும் மனைவியும் இருந்தார்கள். மகள் வரியில் அக்காவும் மாமாவும். அடுத்து, ஓய்வுபெற்ற அதிகாரியான தாய்மாமன். அவருடைய பதவியோடு அது இரண்டு வரி பிடித்தது. அதில் ஒரு எழுத்துக் குறைந்தாலும் மண்டபத்தையே இரண்டாக்கிவிடுவார். அதற்கும் கீழே, தனியாக, 'மூத்த மருமகள்' என்று ஒரு வரி.

அண்ணி நம்ம ஆள்தானே, கோபித்துக்கொள்ளவா போகிறார்கள் என்று நினைத்தான். அழித்தான். நாலும் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன.

கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, உறையில் போடுகிற வேலையை அண்ணியே எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துப் படித்தாள். படித்து முடித்ததும் அதை உறைக்குள் செருகினாள். "அச்சு நல்லா வந்திருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தாள். பார்த்தியா, நான் நினைச்ச மாதிரியே, என்று அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கூட்டத்தன்று வாசலில் நின்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததும் அண்ணிதான். அப்பாவோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அந்தத் துண்டுத் தாளைக் கண்ணருகே பிடித்து, மேலும் கீழும் தேடிவிட்டு அவளிடம் கேட்டார்.

"நீங்க யாரும்மா? இதுல யாருன்னு தெரியலையே."

"நானா? வீட்டுல ஐயாவைப் பாத்துக்கிட்டவ."

"அப்படியா, சம்பளத்துக்கா?"

அவள் சிரித்து, தண்ணீர்த் தட்டோடு அடுத்தவரிடம் நகர்ந்தாள்.

இரண்டடி தள்ளி நின்றிருந்த அவன் காதில் அது விழுந்தது. ஓடிப்போய், "எங்க அண்ணிங்க" என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் தாய்மாமன் மேடையில் பேச எழுந்துவிட்டார்.

"ஏங்க, ரெண்டா அடிச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும், முழுத் தாளில் ஒரே அழைப்பாக, எல்லாப் பெயரும் போட்டு அடித்தான். மூத்த மருமகளை முதலில் போட்டான். கொண்டுபோய் அண்ணியிடம் நீட்டினான். அவள் பழைய புடவைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதை இனிமே யாருக்குக் குடுக்கப் போற தம்பி? எல்லாரும் வந்துட்டுப் போயாச்சு."

"அண்ணி, இடம் பத்தலைன்னுதான்... வேணும்னு செய்யல."

"தெரியும்டா. வேணும்னு செஞ்சிருந்தா சண்டை போட்டிருப்பேன்."

முதியோர் இல்லம் ஒன்றில் வேலை சொல்லிவைத்திருக்கிறாளாம். தங்குவதற்கு அறையும் உண்டாம். அவன் கெஞ்சினான், மனைவி அழுதாள், அக்கா போனில் திட்டினாள். அண்ணி யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை; மடித்துப் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். எதற்கென்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

அதன்பிறகு பலமுறை அந்த இல்லத்துக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வாயார வரவேற்பாள், அவன் குழந்தைகளைப் பற்றி விசாரிப்பாள், டீ போட்டுக் கொடுப்பாள். யாரையாவது குளிப்பாட்ட வேண்டியிருக்கும், எழுந்து போவாள். "வீட்டுக்கு வந்துடுங்க அண்ணி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"அங்க வந்து என்ன பண்ணட்டும்? பாத்துக்க ஆள் இல்லையே" என்றாள். குத்திக்காட்டுகிற தொனி துளியும் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"பஸ் போயிடும், கிளம்பு தம்பி" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அவன் தெருமுனை திரும்பும்போது பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.