பதினொரு வீட்டுக்கு ஒரே கீரைத்தட்டு

சீதாலெட்சுமி அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் ஹாரனில்தான் தொடங்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் இருபத்திரண்டு வருடமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். பிள்ளை வாசலுக்கு வர அரை நிமிடம் தாமதித்தால் ஹாரன். ஒரு நிமிடம் தாமதித்தால் ஹாரனோடு பிள்ளையின் அப்பா பெயரும் சந்து முழுக்கக் கேட்கும். அங்கே யாரும் அலாரம் வைத்துத் தூங்குவதில்லை, தேவையே இல்லை. நடுவில் இரண்டே மாதம் அந்த வேன் ஓடாமல் நின்றது. அது ஏன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் குமுதா. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்காக வீடு வீடாகப் போய் விவரம் சேகரிப்பது என் வேலை. ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள், அதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம், சில வட்டாரத்து ஆட்களுக்கு மட்டும் ஏன் நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது, இதெல்லாம் ஆய்வு. ஆபத்து அதிகம் என்று தெரிகிற சந்துக்குக் குடல் பரிசோதனை பஸ் இலவசமாக வரும். அதற்கு அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஏழு நாளைக்குச் சாப்பிடும் முன் தட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏழு நாளும் பதினொரு வீட்டிலிருந்தும் கீரை, பீன்ஸ், ஒரு கரண்டி சிவப்பரிசிச் சோறு. ஆய்வை நடத்தும் டாக்டர் பிரகலாதன் படங்களைப் பார்த்துப் பூரித்துப்போனார். "இவ்வளவு நல்லா சாப்பிடுறாங்களே! அப்ப இங்க வர வேண்டிய பஸ்ஸ டெங்கில் ஊருக்கு அனுப்பிடலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சந்தில் ஃபோர்க்லிப்ட் ஓட்டும் முகுந்தன் அண்ணன், என் கண் முன்னால் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை முடித்துவிட்டு, 'சீனி கம்மி' என்று தே தாரேக் டீ கேட்டவர். அவரா கீரை சாப்பிடுகிறார்? படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலப்பூ போட்ட பீங்கான் தட்டு, வலது ஓரம் உடைந்தது. பதினொரு வீட்டிலும் அதே தட்டு, அதே உடைசல். முதல் வீட்டில் பச்சையாக இருந்த கீரை பதினோராவது வீட்டுக்குப் போகும்போது எஞ்சின் ஆயில் நிறத்துக்கு வந்திருந்தது. ஒன்பதாவது படத்தில் தட்டுக்குக் குறுக்கே சீட் பெல்ட் போட்டிருந்தது.

"அலாமாக்!" என்று கத்திவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு மலாய்தான் வரும்.

நான் போனபோது அக்கா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது? கீரை வேன்ல ஊர்வலம் போகுது!"

"பெல்ட் போடலன்னா கொட்டிடும்லா."

"அதையா கேட்டேன்?"

"கத்தாதே. நம்ம ஆளுங்கன்னா எண்ண, சீனி, தண்ணின்னு எழுதிட்டுப் போயிருவீங்க. ஒரு தடவயாச்சும் இந்தச் சந்து, நம்ம லோரோங் பாஸாகட்டும்னுதான் செஞ்சேன்."

"நல்லா பாஸாயிருச்சு! அதனால பஸ்ஸு டெங்கிலுக்குப் போகுது. சந்தோஷமா?"

"எந்த பஸ்ஸு?"

"குடல் டெஸ்ட் பஸ்ஸு. மொதல் நாளே சொன்னேன். நீங்கதான் ஹாரன் அடிச்சிக்கிட்டிருந்தீங்க."

தண்ணீர்க் குழாய் அவர் கையிலிருந்து நழுவி, என் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. அவர் வீட்டுக்காரர் கன்னையா போர்ட்டில் லோரி ஓட்டியவர். குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது.

"அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப, என்ன சாப்பிடுவாருன்னுதான் மொதல்ல கேட்டாங்க" என்றார் அக்கா. "லோரிக்காரன், கண்டதயும் தின்னுருப்பான்னு ஒரு பார்வ. வலிக்குதான்னு ஒருத்தரும் கேக்கல குமுதா. ஒரு வருசமா வலிய வச்சிக்கிட்டிருந்தாரு மனுசன்."

எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. குழாயை மூடினேன்.

டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாரம் வாங்கினேன். மறுநாள் காலையில் வேன் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நெசமா திங்கிறத அனுப்புங்க!" என்று ஹாரனோடு கத்திவிட்டுப் போனது. என் போன் நிறைந்தது. முகுந்தன் அண்ணனின் இரண்டு பொட்டலமும் வந்தன. ஒருவர் பீர் பாட்டிலைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்திருந்தார், திரைச்சீலை பாதிதான் மறைத்தது. ஆனால் மூன்றாம் நாளே போட்டி ஆரம்பித்துவிட்டது. யார் வீட்டில் எண்ணெய் அதிகம் என்று காட்ட வேண்டுமாம்! அதே நீலப்பூத் தட்டில் அதே கோழிப் பொரியல் நான்கு வீட்டிலிருந்து வந்தது. திரும்பவும் போய்த் திட்டினேன், இந்த முறை தமிழிலேயே.

எப்படியோ உண்மை ஒரு மாதிரி தேறியது, பஸ் வந்தது. சந்து ஆட்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, பிள்ளைகளை மிரட்டுவதுபோல் மிரட்டிவிட்டு, அக்கா முதல் ஆளாக ஏறினார். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் பிரகலாதன் தாளைத் திருப்பினார்.

"வழக்கமா என்ன சாப்பிடுவீங்கம்மா?"

போச்சுடா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அக்கா போனை எடுத்து அவர் முன் வைத்தார். "எல்லாம் இதுல இருக்கு டாக்டர், சம்பல் மொதக்கொண்டு. ஆனா மொதல்ல வலிக்குதான்னு கேளுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தப்புதாம்மா. எங்கயாச்சும் வலிக்குதா?"

இப்போது கன்னையா அண்ணனைப் பற்றி ஒரு பெரிய பிரசங்கம் வரும் என்று காத்திருந்தேன். அக்கா மடியில் கிடந்த வேன் சாவியைப் பார்த்தார்.

"வலிக்குது" என்றார், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில். "ஏழு மாசமா."

வேன் இரண்டு மாதம் நின்றது அந்த வலிக்கு வைத்தியம் பார்க்கத்தான். அந்த வீட்டில் உட்கார்ந்து எத்தனை காப்பி குடித்திருப்பேன்! கீரையைக் கேட்டேன், எண்ணெயைக் கேட்டேன், சீனி எத்தனை கரண்டி என்றுகூடக் கேட்டு எழுதிக்கொண்டேன். இதை மட்டும் கேட்கவில்லை.