மாப்பிள்ளைக்குக் கழுவிய பாட்டில்கள்

ஒரு பாட்டிலின் வாயில் கட்டை விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன். விளிம்பு சில்லு போயிருக்கிறதா, கழுத்தில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா, கடைசியாக அதில் இருந்தது பீரா பினாயிலா, எல்லாம் தெரிந்துவிடும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன். ஆனால் இன்றைக்குப் பம்மலில் இறங்கிப் பழைய பாட்டில் என்று கேட்டால் ஷேர் ஆட்டோக்காரர் என் குடோன் வாசலில்தான் கொண்டுவந்து விடுவார். தலையில் கூடையோடு தெருத்தெருவாகக் கத்தியவன் நான். பிறகு மூன்று சக்கர வண்டி, பிறகு சொந்தக் குடோன், அதன் பிறகு மாடி வைத்த வீடு. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. நானே என்னைத் தூக்கிக்கொண்டேன்.

இத்தனை இருந்தும் எனக்கு ஒரு குறை இருந்தது. என் மாப்பிள்ளை என்னை "சார்" என்று கூப்பிட்டார்.

மகள் தானே பார்த்துக் கட்டிக்கொண்ட பிள்ளை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ராஜகீழ்ப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு. தங்கமான மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் தடவை பெண் கேட்டு வந்தபோது பயத்தில் "வணக்கம் சார்" என்றவர், தாலி கட்டிய பிறகும் அதையே பிடித்துக்கொண்டார். பொங்கலுக்கு வந்தாலும் சார், தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதும் சார். என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே "உட்காருங்க சார்" என்பார். பேங்கில் கையெழுத்துப் போடப் போனவன் மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கும்.

"மாமான்னு கூப்பிட்டா வாய் வெந்துடுமா?" என்று என் மனைவியிடம் புலம்பினேன்.

"நீ மட்டும் இன்னாவாம்? அவரு வந்தாலே துண்டை இடுப்புல கட்டிக்கினு எழுந்து நிக்கிற. இன்ஸ்பெக்சனுக்கு வந்தவரு மாதிரி பாத்தா அவரு வேற எப்டி கூப்புடுவாரு?" என்றாள் அவள். அவளிடம் ஆறுதலுக்குப் போனால் அவ்வளவுதான் கிடைக்கும்.

போன வெயில் காலத்தில் ஒருநாள் மாப்பிள்ளையே போன் செய்தார்.

"சார், ஒரு சின்ன ஹெல்ப் வேணும். பழைய பீர் பாட்டில் கிடைக்குமா?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. கடிகாரம் கொடுத்தேன், வேண்டாம் என்றார். வண்டி வாங்கித் தருகிறேன் என்றேன், இருக்கிறது என்றார். இப்போது கேட்கிறார், அதுவும் பாட்டில். கடலிடம் வந்து உப்பு கேட்கிறார்.

"எந்த மாதிரி வேணும் மாப்ள? லோடு எறக்கட்டுமா?"

"லோடெல்லாம் வேண்டாம் சார், ஒரு பெட்டி, ஒரே ஒரு கிரேட் போதும். வீட்டுலயே ஜிஞ்சர் பீர் போடறேன். பேருதான் பீர், போதையெல்லாம் கிடையாது. இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, கொஞ்சம் ஈஸ்ட். மூடி வெச்சா நாலஞ்சு நாள்ல சோடா மாதிரி கேஸ் ஏறும். எங்க ஃப்ளாட்ஸ்ல ஞாயித்துக்கிழமை விழா, அதுல ஸ்டால் போடறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

விஷயம் என்னவென்றால், முன்பு எங்கேயோ வாங்கிய பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறார். கேஸ் ஏறியதும் ஒன்று சமையலறையிலேயே வெடித்துவிட்டது. இஞ்சித் துணுக்கு சீலிங்கில் ஒட்டிக்கொண்டதாம். "எங்கப்பா என்ன தொழில் பண்றாருன்னு மறந்துட்டியா?" என்று என் மகள்தான் அவரை என் பக்கம் தள்ளியிருக்கிறாள். என் பெண் என் பெண்தான்.

அன்றைக்குக் குடோனில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை. இருந்த பாட்டில்களில் ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பைத் தடவி, வயிற்றில் ஆணியால் தட்டிப் பார்த்தேன். நல்ல பாட்டில் கோவில் மணி மாதிரி பேசும். விரிசல் விட்டது தொண்டை கட்டியவன் மாதிரி பேசும். கேஸ் ஏறுகிற சரக்குக்குத் தொண்டை கட்டியவன் ஆகமாட்டான். அப்படிக் கழித்துக் கழித்து, மாப்பிள்ளை முகத்துக்கு நேராக நீட்டக்கூடியவற்றை மட்டும் தனியாக வைத்தேன்.

பீர் பாட்டில் பார்க்கத்தான் பளபளப்பு. உள்ளே எட்டிப் பார்த்தால் மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துவிடும். குடித்து முடித்து சிகரெட்டை உள்ளே போடுவான். புளியங்கொட்டை, ஊறுகாய்ப் பாக்கெட், ஒரு தடவை ஒரு மோதிரமே இருந்தது. அடியில் மிச்சம் காய்ந்து பாசி மாதிரி பிடித்திருக்கும். அதற்கு மேலே பூஞ்சை ஒரு தட்டு.

ஆட்களை விட்டுக் கழுவச் சொல்லியிருக்கலாம். விடவில்லை, நானே இறங்கினேன். டிரம்மில் வெந்நீர் ஊற்றி சலவை சோடாவைக் கரைத்து, பாட்டில்களை முழுகும்படி படுக்கவைத்தேன். ஓர் இரவு ஊறினால் லேபிள் வாழைத் தோல் மாதிரி உரிந்து வரும். ஒட்டியிருந்த பசையைக் கத்தியின் முதுகால் வழித்தேன். உள்ளே நீளப் பிரஷ் விட்டுத் தேய்த்தேன். பிரஷ் போகாத மூலைக்கு அரிசிக் குருணையையும் வினிகரையும் போட்டு, கையால் வாயைப் பொத்திக் குலுக்கினேன். அந்தக் குலுக்கலில் என் தோள் இரண்டு நாள் வலித்தது. பிறகு நல்ல தண்ணீரில் அலசி அலசி, சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்து வாய் வழியாகப் பார்த்தேன். அடிப்பாகம் பழுப்பு நிலா மாதிரி தெரிந்தது, ஒரு புள்ளி இல்லை. வெந்நீர் விட்டு இன்னொரு முறை அலசிக் கவிழ்த்து வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே ஒரு புகை. ஆரம்ப காலத்தில் அனகாபுத்தூரில் ஊறுகாய் போட்டு விற்ற ஓர் அம்மாவுக்குப் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கழுவிக் கொண்டுபோனாலும் மூக்கருகே வைத்துப் பார்த்து, "பெருங்காய வாசம் வந்தாத்தான் எடுப்பேன், இல்லாங்காட்டி வண்டியத் திருப்பு" என்பார். பெருங்காயப் புகை பிடித்த பாட்டிலில் ஊறுகாய் கெடாது என்பது அவர் கணக்கு. அதிலிருந்து நானே தணலில் கட்டிப் பெருங்காயத்தைப் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, பாட்டில் வாயை அதில் பொருத்திப் புகை ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்தேன். இந்த வட்டாரத்தில் வேறு எந்தப் பாட்டில் கடையிலும் இது கிடையாது. ஊறுகாய்க்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். முதல் தரம் என்றால் என் அகராதியில் அந்தப் புகைதான்.

மாப்பிள்ளைக்கு இரண்டாம் தரமா கொடுப்பேன்? தணலை மூட்டினேன்.

மனைவி வாசனை பிடித்து வந்துவிட்டாள். "இதையும் அவரு கேட்டாரா?"

"கேட்டு செஞ்சா அது கூலி. கேக்காம செஞ்சாத்தான் மரியாதை."

"பீருக்கு எதுக்குய்யா பெருங்காயம்?"

"அது இஞ்சி பீரு. இஞ்சியும் பெருங்காயமும் அஞ்சறைப் பெட்டியில ஒண்ணாத்தானே கீது?"

"இஞ்சி எப்பய்யா அஞ்சறைப் பெட்டில கீது? ஒரு நாளாவது அடுப்பாங்கரைப் பக்கம் வந்திருந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊறுகாய் கெடாது என்றால் பீர் மட்டும் கெடுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு, கடைசிப் பாட்டில் வரைக்கும் கெட்டியாகப் புகை ஏற்றி, வாயில் துணி அடைத்தேன்.

மறுநாள் என் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்கினேன். மாப்பிள்ளைக்கு அப்போது கடுமையான ஜலதோஷம். கையில் கைக்குட்டை, மூக்கு தக்காளி மாதிரி சிவந்திருந்தது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவர் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "புதுசு மாதிரி இருக்கு சார்" என்றார். ஏதோ பவுடர் கலந்த தண்ணீரில் ஒரு முறை கழுவலாமா என்று தயங்கினார்.

"ஒண்ணும் தேவையில்ல மாப்ள. நேரா ஊத்துங்க. நான் பொறுப்பு" என்றேன்.

"நீங்க சொன்னா சரி சார்" என்றார்.

அவர் அப்படி நம்பியது எனக்கு அன்று முழுக்க இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் விழா. அதற்கு முன்னால் முதல் பாட்டிலை எங்கள் முன்னால் திறக்க வேண்டும் என்று மகள் ஏற்பாடு. பிரிட்ஜுக்குள் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றுகூட வெடிக்கவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். மாப்பிள்ளை மூடியை நெம்பினார். டப் என்ற சத்தம், பின்னாலேயே வெள்ளை நுரை. நான் மனைவியைப் பார்த்தேன். பார்த்தாயா என்கிற பார்வை.

நான்கு டம்ளரில் ஊற்றினார். ஜலதோஷம் விட்டு மூக்கு திறந்திருந்தது அவருக்கு, அதுதான் என் கெட்ட நேரம். ஒரு வாய் குடித்தார். கண் இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. மகள் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. நானும் குடித்தேன். முதலில் இஞ்சி சுள்ளென்று வந்தது. பின்னால் எலுமிச்சை. அதற்கும் பின்னால், தொண்டைக்குழியில், சுடச்சுடத் தாளித்துக் கொட்டிய மாதிரி பெருங்காயம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

சாயங்காலம் ஃப்ளாட்ஸ் பூராவும் வரப்போகிறது. எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நான் பொறுப்பு என்று வேறு சொல்லியிருக்கிறேன். இனி ஆயுளுக்கும் சார்தான், அதுகூட இருக்காது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன மாமா இது? ரசம் வாசனை வருது. பாட்டில்ல என்ன மாமா பண்ணி வெச்சீங்க?"

எனக்குக் கேள்வி காதில் விழவில்லை. "இன்னொரு வாட்டி சொல்லுங்க மாப்ள."

"ரசம் வாசனை வருதுன்னேன் மாமா."

"அவரு உன்னத் திட்டறாருய்யா" என்றாள் மனைவி.

"திட்டட்டும். வூட்டு மனுசனத்தான் திட்டுவாங்க."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் தன் வாயில் என்ன வந்தது என்று உறைத்தது போல. முகம் சிவந்து, பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மகள் அதற்குள் சோபாவில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புகை போட்ட கதையை நான் முழுசாகச் சொன்னேன், ஊறுகாய் அம்மாவிலிருந்து தொடங்கி. "ஊறுகாய்க்கு சரி மாமா" என்றார் அவர், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு.

வேறு சரக்கு போட நேரமில்லை. சாயங்காலம் அதையேதான் ஸ்டாலில் வைத்தார். குழந்தைகள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடின. ஆனால் பக்கத்து ஸ்டாலில் பிரியாணி சாப்பிட்டு வந்த பெரியவர் ஒருவர் ஒரே மூச்சில் குடித்து, நீளமாக ஓர் ஏப்பம் விட்டு, "வாயுவுக்கு நல்லா கேக்குதே, இன்னொண்ணு குடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் பிரியாணி சாப்பிட்டவர்கள் சிலர் வந்து நின்றார்கள். பாதிக் கிரேட் தீர்ந்தது. மீதியை மாப்பிள்ளை செடிக்கு ஊற்றிவிட்டார். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போதெல்லாம் மாதம் ஒரு தடவை போன் வருகிறது. "மாமா, கிரேட் ரெடியா? புகை வேண்டாம் மாமா." என் மனைவி தணல் சட்டியை எங்கேயோ எடுத்து ஒளித்துவிட்டாள். ஆனாலும் ஒவ்வொரு கிரேடிலும் ஒரே ஒரு பாட்டிலுக்கு மட்டும் அடுப்பிலேயே புகை காட்டி, கழுத்தில் சிவப்பு நூல் கட்டி அனுப்புகிறேன். அதை மாப்பிள்ளை தனியாக நிரப்பி எனக்கே திருப்பிக் கொண்டுவந்து தருவார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு நான் ஒருவனே அதைக் குடிக்கிறேன். ருசி தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.